அடிபட்ட ஆம்னியிலிருந்து எஞ்சின்: இறக்குவதும் ஏற்றுவதும்

உங்கள் ஆம்னி வேன் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இரண்டாம் கியரில்கூட முனகுகிறது. மெக்கானிக் எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்யப் பெரிய தொகை சொல்கிறார். அதே நேரத்தில் ஊர்க்கோடியில் முன்பக்கம் நசுங்கிப்போன இன்னொரு ஆம்னி நிற்கிறது. அதன் எஞ்சின் உங்கள் வண்டிக்கு வருமா? வரும். ஆம்னிக்கு ஆம்னி என்றால், சொந்தமாகச் செய்ய முயல்பவருக்கு இதைவிட எளிய எஞ்சின் மாற்றம் கிடைப்பது அரிது.

காரணம் எஞ்சின் இருக்கும் இடம். 1984-இல் மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான இந்த வண்டியில் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கிறது. நேருக்கு நேர் மோதினால் முதல் அடி ரேடியேட்டருக்கும், சொல்லவே வருத்தமாக இருக்கிறது, ஓட்டுநரின் கால்களுக்கும்தான். எஞ்சின் பல நேரம் தப்பிவிடுகிறது. கூண்டு காயலான் கடைக்குப் போகும், எஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போகும்.

மாருதி 800 காரிலும் இதே 796 சிசி எஞ்சின்தானே, அதற்கும் போடலாமா என்று கேட்பீர்கள். உள்ளே பல சாமான்கள் ஒன்றுதான். ஆனால் காரில் எஞ்சின் குறுக்குவாக்கில் நின்று முன்சக்கரத்தை ஓட்டுகிறது. வேனில் நீளவாக்கில் கிடந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. மவுண்டிங்கில் தொடங்கி வெளிச்சாமான்கள் பலவும் மாறும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். இந்த அத்தியாயம் ஆம்னியிலிருந்து ஆம்னிக்கு மட்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் காகிதம்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். வரிசையாகப் பாருங்கள்.

1. அடிபட்ட வண்டியின் ஆர்.சி. நகலை வாங்குங்கள். அதில் உள்ள எஞ்சின் எண்ணும், பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த எஞ்சினின் எண் 'எஃப்8பி' என்று தொடங்கும். எண் இருக்கும் இடம் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழவென்று இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

2. விபத்து வழக்கு முடிந்ததா, வண்டியைக் காவல் நிலையம் முறைப்படி விடுவித்ததா என்று கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த வண்டி சாட்சியப் பொருள். அதிலிருந்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

3. திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது. எஞ்சின் எண், சேஸிஸ் எண் கையில் இருந்தால் போதும்.

4. விற்பவரிடம் இரண்டு எண்களும் எழுதிய ரசீது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கிட்டு ஏலம் விட்ட வண்டியென்றால் அந்த ஏலக் காகிதத்தின் நகலும் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் ஏற்கெனவே இறக்கிவைத்த எஞ்சினாக வாங்கினாலும் இதே விதிதான். ரசீது தராத கடையில் விலை குறைவாகத்தான் இருக்கும். ஏன் குறைவு என்று யோசியுங்கள்.

5. உங்கள் வண்டியின் ஆர்.சி.யிலும் எஞ்சின் எண் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்னென்ன படிவம், என்னென்ன சான்று என்று கேட்டு வந்துவிடுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் தேவை.

எந்த வண்டியை விட வேண்டும்

எரிந்த வண்டி வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கைமாறின. டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெல்ட் கவருக்குள், ஆல்டர்னேட்டர் இடுக்கில் வண்டல் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

முன்பக்கம் அடிபட்ட வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மோதிய பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததா? ரேடியேட்டர் கிழிந்து தண்ணீர் முழுதும் கொட்டிய நிலையில் ஐந்து நிமிடம் ஓடினாலே போதும், அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும். விபத்து நடந்த இடத்தில் யாரும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல் விட்டிருக்கலாம் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் உடைந்த வண்டி என்றால் ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டும்.

தலைகீழாய்க் கவிழ்ந்த வண்டியில் அபாயம் வேறு. ஆயில் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அப்படியே செல்ஃப் போட்டால், ஆயில் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும். முதலில் மூன்று பிளக்கையும் கழற்றுங்கள், பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

பக்கவாட்டில் அடிபட்ட வண்டி என்றால் மவுண்டிங் காதுகள், பெல் ஹவுசிங், கிராங்க் புல்லி மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் அழுக்குக்குள் ஒளிந்திருக்கும். துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தால் கண்ணில் படும்.

வாங்கும் முன் கம்ப்ரஷன்

கேஜ் ஒன்றும் நல்ல பேட்டரி ஒன்றும் கொண்டு போங்கள்.

1. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது உலோகம் தட்டி நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பலம் போட்டுத் திருப்பாதீர்கள்.
2. மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். காயில் வயரை எடுத்துவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன்) வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுங்கள்.
3. ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். கேஜ் முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் போடுங்கள்.
4. மூன்று சிலிண்டருக்கும் எழுதி வையுங்கள்.

அளவைவிட ஒற்றுமை முக்கியம். மூன்றும் 15 பி.எஸ்.ஐ.க்குள் நெருங்கி நின்றால் நல்லது. ஒன்று மட்டும் தொங்கினால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தொங்கினால் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காஸில் ஓடிய வண்டியா என்றும் கேளுங்கள். அப்படி ஓடியதில் வால்வு சீட் தேய்மானம் கூடுதலாக இருக்கலாம். எஞ்சினை வாங்கலாம், ஆனால் கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எஞ்சினை மட்டும் எடுக்காதீர்கள்

இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது எஞ்சினில் இல்லை. நாற்பது ரூபாய் கிளாம்பிலும் ஒரு சின்ன பிராக்கெட்டிலும்தான். வேன் உங்கள் முன் முழுதாக நிற்கும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நாளை கூண்டு எடைக்குப் போனபின் தேடினால் கிடைக்காது. ஆகவே விலை பேசும்போதே இவற்றைச் சேர்த்துப் பேசுங்கள்: மவுண்டிங் ரப்பர்களும் பிராக்கெட்டுகளும், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கிளட்ச் செட், ஏர் கிளீனர் குழாய்கள், தரைக்கு அடியில் முன்னோக்கி ஓடும் நீளமான தண்ணீர்க் குழாய்கள், எர்த் பட்டை, ஆக்சிலேட்டர் கேபிள்.

கார்புரேட்டர் எஞ்சினா, எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினா என்பதை இப்போதே பாருங்கள். உங்கள் வண்டியும் அந்த வண்டியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. என்றால் வயரிங் சடையையும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.எம். பெட்டியையும் வெட்டாமல் முழுதாகக் கழற்றி எடுங்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டியாக இருந்தால் இ.சி.எம். சாவியோடு ஒத்துப் பழகியது. சாவியும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாமல் தனி இ.சி.எம். பயன்படாது. உங்கள் வண்டியின் பழைய இ.சி.எம். நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. மற்றது உதிரியாக இருக்கட்டும்.

பாதுகாப்பு

ஹாலோ பிளாக் கல்லை வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். சுவருக்காகச் செய்த கல் அது. புள்ளியில் பாரம் விழுந்தால் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஆக்ஸில் ஸ்டாண்டு அல்லது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனமான மரக்கட்டை, இவை இரண்டில் ஒன்றுதான். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

நசுங்கிய கூண்டுக்குள் தகரம் கத்தியாய் நிற்கும். தோல் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி வேண்டும். இந்த வண்டியில் ஏர்பேக் வெடிக்குமோ என்ற பயம் வேண்டாம். அது இருந்ததே இல்லை.

காஸ் கிட் உள்ள வண்டியென்றால் முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுவது. திறந்த வெளியில், தீயும் புகையும் இல்லாத இடத்தில், அதைத் தெரிந்தவர் கையால் கழற்றச் செய்யுங்கள். பெட்ரோல் வாடை இருக்கும்வரை கேஸ் கட்டர், கிரைண்டர் இரண்டும் கிட்டே வரக் கூடாது. காயலான் கடைகளில் நேரம் மிச்சம் பிடிக்க மவுண்டிங்கைக் கட்டரால் அறுப்பார்கள். வயரிங் கருகும், ரப்பர் உருகும், சில நேரம் வேறு ஏதாவது பற்றிக்கொள்ளும். சம்மதிக்காதீர்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இறக்குதல்

1. கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயர் இணைப்பும், ஒவ்வொரு குழாயும், இரண்டு கோணத்தில். பிறகு இரண்டு முனைகளிலும் ஒரே எண் எழுதிய பேப்பர் டேப் ஒட்டுங்கள்.

2. சமதரை, சக்கரங்களுக்குக் கட்டை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்.

3. கூலண்டையும் எஞ்சின் ஆயிலையும் கியர் பாக்ஸ் ஆயிலையும் வடியுங்கள். கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாய் குடிக்க வரும், அது விஷம். வாளியில் மூடி வையுங்கள்.

4. முன் இருக்கைகளை எடுத்து, எஞ்சின் மூடியைத் திறங்கள். ஏர் கிளீனர், ஆக்சிலேட்டர் கேபிள், கார்புரேட்டர் வண்டியென்றால் சோக் கேபிள், பெட்ரோல் குழாய்கள், வாக்குவம் குழாய்கள். எம்.பி.எஃப்.ஐ. குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கும். இணைப்பின் மேல் துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாகத் தளர்த்துங்கள். திறந்த முனைகளை உடனே அடையுங்கள்.

5. வயரிங்: செல்ஃப், ஆல்டர்னேட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சென்சார், இக்னிஷன் இணைப்புகள். எர்த் பட்டையை மறந்து எஞ்சினை இறக்கி அதை அறுத்தவர்கள் ஏராளம்.

6. அடியிலிருந்து: சைலன்சர் குழாயை மேனிஃபோல்டிலிருந்து பிரியுங்கள். நட்டு துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துருநீக்கும் ஆயில் அடித்துவையுங்கள். பிறகு கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராடு, ரிவர்ஸ் லைட் சுவிட்ச்.

7. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றும் முன், பின்பக்க ஃபிளேன்ஜில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். உங்கள் வண்டியில் இதைச் செய்யாவிட்டால் வேகத்தில் அதிர்வு வந்து, காரணம் தெரியாமல் அலைவீர்கள். ஷாஃப்டை உருவியதும் கியர் பாக்ஸ் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள்.

8. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே இறக்குங்கள். பிரித்து இறக்க முயன்றால் கியர் பாக்ஸின் பாரம் கிளட்ச் பிளேட் நடுவில் தொங்கி அதை வளைக்கும். ட்ராலி ஜாக்கின் மேல் அகலமான பலகை வைத்து, பாரம் பிளாக்கின் ஓரங்களில் விழும்படி முட்டுக் கொடுங்கள். ஆயில் சேம்பர் மெல்லிய தகரம். அதில் ஜாக் பட்டால் நசுங்கி ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். கியர் பாக்ஸுக்கு அடியில் தனியாக இன்னொரு ஜாக்.

9. மவுண்டிங் போல்ட்டுகள் கடைசி. எடுக்கும் முன் நின்று சுற்றிப் பாருங்கள்: இன்னும் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது? அரை அடி இறக்கி நிறுத்தி, மறுபடி பாருங்கள். மறந்த வயர் அப்போதுதான் இழுபடும்.

10. எஞ்சின் தரைக்கு வந்தபின் அதை வெளியே இழுக்க வண்டியின் உயரம் போதாது. கூண்டைத்தான் உயர்த்த வேண்டும். சிறிது சிறிதாக ஜாக் ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் கட்டை அடுக்குங்கள். அப்போது அடியில் யாரும் இருக்கக் கூடாது. கயிறு கட்டி வெளியிலிருந்து இழுங்கள்.

தரையில் இருக்கும்போதே

எஞ்சின் வெளியே இருக்கையில் மாற்றினால் சில நூறு ரூபாய் வேலை. உள்ளே போனபின் மாற்றினால் முழுதையும் மறுபடி இறக்க வேண்டும். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் அப்படிப்பட்டது. அது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கும் அப்படியே.

டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். புதுசு போடுங்கள். டென்ஷனர் பேரிங்கைச் சுற்றி, கரகரத்தால் அதுவும் மாற வேண்டும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் இப்போதே பாருங்கள்.

கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்பிரிங் துருத்திய பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை முறுக்கும் முன் பிளேட் சரியாக நடுவில் நிற்க வேண்டும். புதுப்பேட்டையில் உடைந்த கியர் பாக்ஸின் உள் ஷாஃப்டு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

ஏற்றுதல்

உங்கள் வண்டியின் பழைய எஞ்சினும் இதே வரிசையில்தான் இறங்கும். ஏற்றுவது அதன் தலைகீழ். இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும்.

முதலாவது, கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்ப்பது. இரண்டு முகங்களும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். ஒட்டாத இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் பெல் ஹவுசிங் காது தெறித்துவிடும். ஒட்டவில்லையா? கியரில் போட்டு, பின்பக்க ஷாஃப்டைக் கொஞ்சம் சுற்றுங்கள். பற்கள் தடம் பிடிக்கும்.

இரண்டாவது, கூலண்ட். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் நீளக் குழாய். காற்று அடைக்க இதைவிட வாகான அமைப்பு இல்லை. முன்பக்கத்தை ஏற்றமாக நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, மெல்ல ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகும், தெர்மோஸ்டாட் திறந்து மேல்குழாய் சூடாகி, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முள் திடீரென்று ஏறினால் அணைத்துவிடுங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல், காயில் வயரை எடுத்து, எம்.பி.எஃப்.ஐ. என்றால் பம்ப் ஃபியூஸும் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் செல்ஃப் போடுங்கள். நாள்கணக்கில் கிடந்த எஞ்சினின் பேரிங்கில் ஆயில் இருக்காது. அதன்பின் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். வரவே இல்லை, பின்னடித்து வெடிக்கிறது என்றால் பிளக் வயர்களைப் பாருங்கள். இந்த எஞ்சினின் தீ வரிசை 1-3-2. வந்தபின் எஞ்சின் மூடியை உடனே மூடிவிடாதீர்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, பெட்ரோல், ஆயில், தண்ணீர் மூன்றும் எங்காவது கசிகிறதா என்று டார்ச்சோடு தேடுங்கள். நீங்கள் உட்காரப்போகும் இருக்கை இதற்கு நேர் மேலே இருக்கிறது. பெட்ரோல் குழாயில் பழைய கிளாம்பை மறுபடி போட்டிருந்தால் இப்போதாவது மாற்றுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மவுண்டிங், ஜாயிண்ட் ஷாஃப்டு, மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பழைய எஞ்சினை வாங்க அதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். ஆர்.சி.யில் புது எண் ஏறி, இன்ஷூரன்ஸிலும் மாறிய பிறகு விற்கலாம். ஆய்வாளர் பழையதைக் காட்டச் சொல்ல வாய்ப்புண்டு. விற்கும்போது வாங்குபவருக்கும் அதன் எண் எழுதிய ரசீதைக் கொடுங்கள்.